வீட்டில் சம்மதமில்லை

நஸ்லத் ருமானில் லபீப் வாத்தியாரைக் குறை சொல்ல ஓர் ஆள் அகப்படமாட்டான். கரும்புக் காட்டுக்கும் நைலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கிப்திக் கிறிஸ்தவ ஊரில், பிள்ளைகள் மண்டைக்கனம் பிடித்துத் திரிந்தால் தாய்மார்கள் அவர் பேரைச் சொல்லித்தான் அடக்குவார்கள். "குருப்பட்டம் வீடு தேடி வந்துச்சு. எனக்கு என்ன தகுதி இருக்குன்னு தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு அந்த மனுசன். நீ ரெண்டு எழுத்து படிச்சதும் இந்த ஆட்டம் ஆடுறே!" இது காதில் விழும்போதெல்லாம் வாத்தியார் தலையைக் குனிந்துகொள்வார். ஊர் அந்தக் குனிவையும் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டது.

நடந்தது வேறு. அது அவருக்குத் தெரியும், அவர் மனைவி பஸீமாவுக்குத் தெரியும்.

அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டியிருக்காது. அரசுப் பள்ளியில் அரபு வாத்தியார். கோயிலில் பூசைப் பாட்டைப் பாடி உதவும் தியாக்கோன். அவர் பாட ஆரம்பித்தால் வாசலில் நிற்கும் கழுதைகூடக் காதை ஆட்டாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஊர் அபூனா என்று அழைத்த பழைய குருவானவர் இறந்துபோனதும் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் விழுந்தது. கரும்பு ஆலைக்காரர் சித்ஹோம் தலைமையில் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"எங்களுக்கு அபூனாவா நீங்கதான் வரணும், வாத்தியாரே."

"நானா? அந்தப் பலிபீடத்துப் படியில கிடக்கிற தூசிக்குச் சமானமாவேனா நான்? வேற நல்லவரைப் பாருங்கய்யா."

அவர் குரல் தழுதழுத்தது. வந்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தன் மதிப்பு ஏறிக்கொண்டே போவதை லபீப் உணர்ந்தார். அதில் ஒரு தித்திப்பு இருந்தது. இன்னும் இரண்டு முறை வருவார்கள், இரண்டு முறையும் இதையே சொல்லலாம் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

உள்ளுக்குள் அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் தூசியுமல்ல, தகுதியுமல்ல. பழைய அபூனா பட்ட பாட்டை அவர் பார்த்திருந்தார். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கும் நேரத்துக்குக் கதவைத் தட்டுவார்கள். எருமைச் சண்டைக்கும் கூப்பிடுவார்கள், எரியாத அடுப்பை மந்திரிக்கவும் கூப்பிடுவார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அங்கியின் கையைப் பிடித்து இழுப்பான். ஆயர் போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். லபீப் உள்ளே நுழைந்தால் வகுப்பே எழுந்து நிற்கும். அவர் எழுந்து நிற்க வேண்டிய ஆள் ஊரில் யாருமில்லை. யாருக்கும் கீழ்ப்படியத் தேவையில்லாத தாழ்மையாக இருந்தது அவருடையது.

ஆயர் நகரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார், மனைவியையும் அழைத்துக்கொண்டு வரும்படி. பஸீமா கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, குழந்தை இரினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளை வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டு லபீப் உள்ளே போனார். ஊரில் சொன்னதையே அங்கேயும் சொன்னார், இன்னும் கொஞ்சம் அழகாக.

ஆயர் கிழவர். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "யாருக்குத் தகுதி இருக்கு? எனக்கு இருக்கா? இந்த நாற்காலியில உக்காரும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசுது. தகுதி இருக்கான்னு நான் கேக்கல மகனே. வர்றியான்னு கேக்கிறேன்."

லபீப்பின் கையிலிருந்த ஒரே கேடயத்தைக் கிழவர் ஒரு சொல்லில் பிடுங்கிப் போட்டுவிட்டார். வருகிறேன் என்று சொல்ல மனமில்லை, வரமாட்டேன் என்று சொல்லத் துணிவில்லை. மணமானவர்களையே ஊர்க் குருவாக்கும் அந்தச் சபையில், மனைவி மனமொப்பாதவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"வீட்டுல சம்மதம் இல்ல, ஆண்டகையே."

ஆயர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு பஸீமாவை உள்ளே கூப்பிடச் சொன்னார். லபீப் இதை எதிர்பார்க்கவில்லை.

"பயப்படாம சொல்லு மகளே. உனக்கு இதுல சம்மதம் இல்லன்னு உன் வீட்டுக்காரர் சொல்றாரே, நிசமா?"

பஸீமா கணவனைப் பார்த்தாள். அவர் கம்பளத்தில் நெய்திருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவள் சால்வை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அந்த நுனியை மெல்ல இழுத்துவிட்டாள்.

"ஆமா ஆண்டகையே. எனக்குத் தைரியம் வரல."

ஆயர் பெருமூச்சு விட்டு இருவர் தலையிலும் சிலுவையை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து வந்தார்கள். வாய்க்கால் பாலம் தாண்டியதும், யாரிடமோ சொல்வதுபோல, "மாடி ரூமைக் காலி பண்ணி வெள்ளையடிக்கலாம்னு நெனச்சு வச்சிருந்தேன். அபூனா வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க உக்காந்து பேசறதுக்கு" என்றாள். அவ்வளவுதான். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க லபீப்புக்கு வாய் வரவில்லை. கேட்டால், நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள்.

ஊருக்கு விஷயம் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "அவரு தலை வணங்கத்தான் போனாரு, பாவம். அவ விடல" என்றார்கள். லபீப் மறுக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தார். வாய்க்குள் கிடந்த சொல் நாளாக நாளாகக் கல்லானது.

குருப்பட்டத்துக்கு அடுத்துப் பார்த்த ஆள் அலெக்சாண்ட்ரியாவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட்டான். கடைசியில் சித்ஹோம் சவரக்கடைப் பெபாவியிடம் வந்து நின்றார். பெபாவி வரிக்கு வரி விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறவர். அப்போது ஒருவரின் முகத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பாதி மழித்திருந்தார்.

"வாத்தியார் இருக்கும்போது என்கிட்ட எதுக்குய்யா வந்தீங்க?"

"அவரு வீட்டுல ஒத்துக்கல."

"எனக்கு அந்தப் புஸ்தகத்த ஒழுங்காப் படிக்கக்கூட வராதே. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கும்தான். ஆனா ஆண்டகை உன்னை வரச் சொல்றாரு."

பெபாவி கத்தியைத் துணியில் துடைத்தார். "அவரு கூப்பிட்டா நான் என்ன சொல்றது? வர்றேன்னு என் வீட்டுக்காரி தாஃபீதாகிட்டச் சொல்லிட்டு வர்றேன். அதுக்கு முன்ன இந்த மீதிப் பாதிய முடிச்சுக்கறேன். இப்படியே அனுப்பினா இவரு பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

பட்டம் கொடுத்த நாளில் வழக்கப்படி கோயிலே "அக்ஸியோஸ், தகுதியுள்ளவர்" என்று மூன்று முறை முழங்கியது. அதை எடுத்துக் கொடுத்துப் பாடியவர் லபீப். பெபாவி அந்தச் சொல்லைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அன்றிலிருந்து புதுப் பேரில் அவர் அபூனா பாகூம். ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஊர்த் தாடியையெல்லாம் வழிச்ச பாவத்துக்கு, நீ வளத்துக்கிட்டுக் கிடடான்னு கடவுள் தண்டனை குடுத்திட்டாரு!" என்றது. அபூனாவும் சேர்ந்து சிரித்தார். "அரிக்குது வேற!" என்பார்.

பூசையில் அவர் தடுமாறாத நாளில்லை. ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். பக்கத்தில் நின்ற லபீப் முதலில் காதோடு திருத்தினார். பிறகு முன்வரிசைக்குக் கேட்கும்படி திருத்தினார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அபூனா எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். "வாத்தியாரே, நீங்க இல்லன்னா இன்னைக்கு நான் பாதி வழியில தொலைஞ்சு போயிருப்பேன்." லபீப்புக்கு அது மருந்தாகவும் இருக்கும், முள்ளாகவும் இருக்கும்.

ஒரு கோடையில் வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு பங்காளிகள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். அபூனா பாகூம் ஓடி வந்து இருவருக்கும் நடுவே சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "நான் எந்திரிக்கமாட்டேன். வெட்டறதுன்னா என் மேல வெட்டு. இல்ல, ஒரு டீ கொண்டு வரச் சொல்லு" என்றார். புது அங்கி முழுதும் சேறு. முதலில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மற்றவனுக்கும். கரையில் நின்று பார்த்த லபீப்புக்குத் தோன்றியது: நானாக இருந்தால் சமாதானத்தைப் பற்றி அருமையாகப் பேசியிருப்பேன். கேட்டுவிட்டு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பஸீமாவின் பாடு அடுப்படியில் நடந்தது. ரொட்டி சுடும் நாளில் பெண்கள் உம்மு ரிஸ்க் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். வெயிலில் உப்பிய மாவு வட்டங்களை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே உம்மு ரிஸ்க் ஆரம்பிப்பாள். "நல்ல குரலு, நல்ல படிப்பு, எல்லாம் இருந்துச்சு இந்த ஊருக்கு. என்ன பண்ண? ஒரு மகாராணிக்குக் காலுல சேறு படக்கூடாதாம்!"

"சும்மா இரு அக்கா, பக்கத்துல இருக்கா."

"இருக்கட்டுமே. கடவுள் கூப்பிட்டதுக்கே கதவைச் சாத்தினவளுக்கு என் பேச்சா உறைக்கப் போவுது?"

பஸீமா ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் லபீப் அந்த மதிலோரம் வரும்போது இது அவர் காதிலேயே விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதுதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடந்து போனார். வீட்டுக்கு வந்த பஸீமா அன்று சுட்ட ரொட்டியில் நல்லதாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். எள் விழுதும் கரும்புத்தேனும் குழைத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார்.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் ஊரில் போவதில்லை. சவரக்காரனின் முன்னால் மண்டியிடுவதா என்று நேராக நினைக்காவிட்டாலும் கால் அந்தப் பக்கம் போகாது. பேருந்து ஏறி நகரத்தில் காது மந்தமான ஒரு கிழக் குருவானவரிடம் போவார். அந்தச் செவிட்டுக் காதிலும் இதை மட்டும் அவர் போட்டதில்லை.

காலம் ஓடிவிட்டது. இரினி வளர்ந்து, மணமாகி, கெய்ரோவுக்குப் போனாள். ஊருக்கு அதிகம் வருவதில்லை. பழைய ஆயர் இறந்தார். லபீப் ஓய்வு பெற்றார். பஸீமா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தாள்.

அபூனா பாகூம் இளைப்பு நோயோடு படியேறி வந்து அவளுக்கு நற்கருணை கொடுப்பார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பழைய சவரக்கடைக் கதைகளைச் சொல்வார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து லபீப் வெகுநாள் பார்த்ததில்லை. ஒருநாள் அபூனா கை கழுவச் சமையலறைக்கு வந்தபோது லபீப் திடுமென்று அவர் காலடியில் மண்டியிட்டார்.

"எந்திரிங்க வாத்தியாரே! தரை ஈரமா இருக்கு."

"பாவசங்கீர்த்தனம் பண்ணணும், அபூனா."

எல்லாவற்றையும் சொன்னார். இது அபூனாவுக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"அவளுக்குத்தான் தெரியுமே."

"அவங்களுக்குத் தெரியறது வேற, நீங்க வாயத் தொறந்து சொல்றது வேற. இன்னைக்கே அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சனங்ககிட்டச் சொல்லுங்க. அம்மாவை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வரச் சொல்றேன். அவங்க காதால கேக்கணும், வாத்தியாரே. அது முக்கியம்."

அன்று சாயங்காலம் லபீப் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார். பஸீமா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இதைக் கேக்கத்தான் இத்தனை வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன், இரினி அப்பா. இப்பக் கேக்கக் காது இருக்கு, கோவப்படத்தான் தெம்பு இல்ல."

"நான் வேணும்னு சொல்லல..."

"வேணும்னுதான் சொன்னீங்க." கொஞ்சம் பொறுத்து அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "விடுங்க. நீங்க நல்ல அபூனாவா இருந்திருக்கமாட்டீங்க. செத்த பொணத்துக்கிட்டகூட இலக்கணம் திருத்துவீங்க." சிரிப்பு போய்விட்டது. "ஆனா நான் நல்லா இருந்திருப்பேன்."

வந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. பஸீமாவைப் பெண்கள் பக்கம் நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தார்கள். ஈஸ்டருக்கு முந்திய பாடுகளின் வாரத்தில் சாவுக்கென்று தனிப் பூசை கிடையாது. அந்த வாரம் யார் இறந்தாலும் அவர்களுக்காக முன்கூட்டி அந்த ஞாயிறன்றே எல்லோருக்கும் பொதுவாக அடக்க ஜெபம் சொல்லிவிடுவார்கள். லபீப் அதைப் பாடினார். முடிந்ததும் அபூனா அவரைப் பார்த்தார். பஸீமாவும் பார்த்தாள். முன்வரிசையில் நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகள், அவருடைய பழைய மாணவர்கள், ஓலைச் சிலுவை பிடித்த பிள்ளைகள். திருநாளும் அதுவுமாக எதற்கு, ஈஸ்டர் கழியட்டும் என்று அவர் நினைத்தார். புத்தகத்தை மூடினார்.

அவள் புதன்கிழமை இறந்துபோனாள். ஞாயிறன்று அவர் பாடியதே அவளுக்கான பாட்டாகிவிட்டது.

ஈஸ்டர் கழிந்து துக்கம் கேட்க ஊர் கூடியது; கெய்ரோவிலிருந்து இரினியும் வந்திருந்தாள். அபூனா ஜெபித்து முடித்ததும் லபீப் எழுந்தார். இந்த முறை தள்ளிப்போடவில்லை. ஆயர் வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "அவளா மாட்டேன்னு சொல்லல. அவளுக்கு ஆசையா இருந்துச்சு. பொய் சொன்னது நான். என் மானத்தைக் காப்பாத்த அவ பழியைச் சுமந்தா."

உம்மு ரிஸ்க்தான் முதலில் விசும்பினாள். "ஐயோ, என் சாமி! செத்தவ பேருல பழி நிக்கக்கூடாதுன்னு தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறாரே, இந்த மனுசன்!"

"இல்ல உம்மு ரிஸ்க், நான் சொல்றது சத்தியம்!"

"பாத்தீங்களா, சத்தியம்கூடப் பண்றாரு!" என்று சித்ஹோமின் மகன் கண்ணைத் துடைத்தான். ஒருவர் வந்து லபீப்பின் கையை முத்தமிட்டார். லபீப் கையை உதறினார், கத்தினார். கத்தக் கத்த அழுகை கூடியது. அபூனா பாகூமைத் திரும்பிப் பார்த்தார். ஊர் அவர் சொன்னால் நம்பும். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வாய்திறந்து சொல்ல முடியாது. தாடி நனைய, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அவர்.

எல்லோரும் போன பிறகு லபீப் கேட்டார்: "இப்ப நான் என்ன செய்யணும்?"

"சொல்லிக்கிட்டே இருங்க."

"நம்பமாட்டேங்கிறாங்களே, அபூனா."

"நம்பணும்கிறதுக்காக இல்ல. அது உண்மைங்கிறதுக்காக."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கட்டளையை லபீப் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். யார் அவரைப் புகழ்ந்தாலும் நிறுத்திச் சொன்னார். தெருவில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். முதலில் அழுதார்கள். பிறகு, "வயசாயிடுச்சு, பொண்டாட்டி போன துக்கம் வேற" என்றார்கள். அவர் வருவதைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள்.

ஆண்டு நினைவுக்கு இரினி வந்தாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவளிடமும் ஆரம்பித்தார். அவள் இடைமறித்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும்ப்பா."

"அம்மா சொன்னாளா?"

"இல்ல. அம்மாவை யாராவது பேசினா உங்களுக்கு ஒரு தடவைகூடக் கோவம் வந்ததில்ல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூட வந்திருக்கு. அதுலேருந்து புரிஞ்சுக்கிட்டேன்."

லபீப் நின்றுவிட்டார். "அப்ப அன்னைக்கு, துக்க வீட்டுல நீ எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே? நீ சொன்னா நம்பியிருப்பாங்களே."

"சின்னப் பொண்ணா இருக்கும்போதே அம்மாகிட்டக் கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அப்பாவை ஊர் முன்னால விட்டுக்குடுக்காதன்னு மட்டும் சொன்னா." அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அவ பேச்சை நான் மீறமாட்டேன். உங்களுக்காக இல்ல."

அவள் சாயங்காலப் பேருந்துக்குப் போய்விட்டாள். லபீப் உம்மு ரிஸ்க் வீட்டு முற்றத்தைத் தாண்டும்போது கிழவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே போய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"சரி சரி வாத்தியாரே," என்றாள் அவள், இரக்கத்தோடு. "உக்காருங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கொடுத்ததை வாங்கிக் குடித்தார்.